ஆடுசதை கிழிந்து ஆறாவது வாரம்: வாட்ச் சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

கோரிமேட்டுக்காரன் | ஞாயிறு, இரவு 9.20

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 43. ஐந்து வருடமாக ஓடுகிறேன். வாரத்துக்கு நாற்பது கிலோமீட்டர், ஞாயிறு என்றால் ஏற்காடு அடிவாரம். பெரிய வேகமெல்லாம் இல்லை, பத்து கிலோமீட்டருக்கு 58 நிமிடம் ஆகும்.

ஆறு வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு. புது ஷூ, வாங்கி நான்கு நாள்தான் ஆகியிருந்தது, குதிகால் பக்கம் உயரம் குறைந்த வகை. ஏழாவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தேன். எதிரே லாரி இறங்கியது. ஓரம் ஒதுங்க இரண்டு எட்டு வேகமாக எடுத்து வைத்தேன், இடது ஆடுசதையில் யாரோ கல்லை விட்டெறிந்த மாதிரி ஒரு அடி. குரங்கு வேலை என்று நினைத்து நிஜமாகவே திரும்பிப் பார்த்தேன். அது கைப்பிடிச் சுவர் மேல் உட்கார்ந்து பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருந்தது, என்னைக் கண்டுகொள்ளவே இல்லை.

நொண்டிக்கொண்டே கொஞ்ச தூரம் இறங்கி, அப்புறம் பஸ். மறுநாள் ஸ்கேன் எடுத்ததில் உள்பக்கத் தசை கிழிசல், முதல் நிலைக்கும் இரண்டாம் நிலைக்கும் நடுவில் என்றார்கள். இரண்டு வாரம் ஓடாதே என்றார்கள். ஓடவில்லை.

பதினாறாவது நாள் காலை வாட்சைப் பார்க்கிறேன். மீட்பு நேரம், அதாவது இன்னும் எவ்வளவு ஓய்வு வேண்டும் என்கிற எண், பூஜ்யம். 'பயிற்சிக்குத் தயார்' என்று பச்சை வளையம். ஓய்வு நாடித்துடிப்பு 52, தூக்கம் அருமை. நடந்தால் வலியும் இல்லை. மூக்கனேரிக் கரைக்குப் போய் ஐந்து கிலோமீட்டர் என்று கிளம்பினேன். மூன்றாவது கிலோமீட்டரில் அதே இடம், அதே கல். இந்தத் தடவை கணுக்கால் வரை கறுத்துவிட்டது.

இப்போது நடக்க முடிகிறது, மாடிப்படி இறங்கும்போது மட்டும் லேசாக இழுக்கிறது. என் வாட்ச் மூன்று வருடப் பழசு. அதனால்தான் தப்பாகச் சொன்னதா? புதியது வாங்கினால் இந்த மீட்பு விஷயமெல்லாம் சரியாக இருக்குமா? நாடித்துடிப்பை அளக்கிற நெஞ்சுப் பட்டையும் சேர்த்து வாங்கலாமா? இருபதாயிரம் வரை கையில் இருக்கிறது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

---

ஐந்துரோடு மின்னல் | ஞாயிறு, இரவு 10.05

அண்ணா, புது வாட்ச் வாங்கச் சொல்வதற்கு இந்த இழையில் என்னைவிட ஆசைப்படுகிறவன் இருக்க முடியாது. ஆனாலும் வாங்காதீர்கள்.

உங்கள் வாட்ச் தப்பாகச் சொல்லவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறது. மீட்பு நேரம் என்கிற அந்த எண் உங்கள் நாடித்துடிப்பிலிருந்து வருவது. ஓடும்போது இதயம் எவ்வளவு நேரம் எவ்வளவு உயரத்தில் அடித்தது, அதனால் உடம்பு எவ்வளவு ஆக்சிஜன் கடன் பட்டிருக்கும், அந்தக் கடன் தீர எத்தனை மணி நேரம் ஆகும், இவ்வளவுதான் கணக்கு. ஃபின்லாந்தின் ஃபர்ஸ்ட்பீட் என்ற நிறுவனம்தான் இதில் பெரிய கை. 2020-ல் அவர்களின் அந்தப் பிரிவை வாட்ச் கம்பெனியான கார்மின் வாங்கிக்கொண்டது. புது மாடல்களில் தூக்கம், மன அழுத்தம் என்று இன்னும் நாலைந்து சேர்த்துக் குழம்பு வைக்கிறார்கள். எந்தக் குழம்பிலும் சதை கிழிந்த தகவல் கிடையாது, அதை அளக்கிற கருவியே மணிக்கட்டில் இல்லை.

யோசித்துப் பாருங்கள், பதினைந்து நாள் நீங்கள் சும்மா இருந்தீர்கள். இதயத்துக்கு வேலையே இல்லை. வாட்ச் என்ன நினைக்கும்? 'ஆள் நன்றாக ஓய்வெடுத்து ஜம்மென்று இருக்கிறார்' என்றுதான் நினைக்கும். கார்மினில் இந்த எண் அதிகபட்சமாக 96 மணி நேரம்தான் போகும். நான்கு நாள். கிழிந்த சதை வாரக்கணக்கில் பேசுகிற விஷயம்.

---

வெறுங்கால் வாத்தியார் | திங்கள், காலை 5.10

தம்பி, எனக்கு 61 வயது. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை ஓட வைத்தவன். கையில் ஸ்டாப் வாட்ச், வாயில் விசில், வேறெதுவும் வைத்திருந்ததில்லை. ஓடும்போது பக்கத்தில் இருப்பவனிடம் இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேச முடிகிறதா? முடிந்தால் வேகம் சரி. அதற்கு இருபதாயிரம் ரூபாய் எதற்கு?

பெரியவடகம்பட்டி மாரியப்பன் 2016-ல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வாங்கினார். நம் சேலத்துப் பையன். வாட்ச் கட்டிக்கொண்டா தாண்டினார்?

காலுக்கு நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்து, தெரிந்தவர் கையால் நீவி விடுங்கள். இரண்டே நாளில் இறுக்கம் விட்டுவிடும். எங்கள் காலத்தில் இதெல்லாம் ஸ்கேனுக்கே போனதில்லை.

---

ஐந்துரோடு மின்னல் | திங்கள், காலை 7.32

வாத்தியாரே, உயரம் தாண்டுகிறவருக்கு வாட்ச் எதற்கு 😀 பேச்சு விஷயத்தில் மட்டும் உங்களோடு ஒத்துப்போகிறேன். நீவி விடுகிற விஷயத்துக்கு நிலாப்பாதம் அக்கா வரட்டும்.

---

நிலாப்பாதம் | திங்கள், பிற்பகல் 2.15

கிளினிக்கில் சாப்பாட்டு இடைவேளை, அதனால் ஒரே மூச்சில் எழுதிவிடுகிறேன். நான் பிசியோ. ஆனால் உங்கள் காலை நான் பார்க்கவில்லை, அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில் வாத்தியார் ஐயாவுக்கு. வெறும் பிடிப்பு என்றால் நீவி விடுவதில் தப்பில்லை, சில நிமிடத்தில் அதுவாகவே விடக்கூடியது. கிழிசல் வேறு. 'கல் பட்ட மாதிரி', 'பட்டென்று சத்தம்' என்று யாராவது சொன்னால் அது கிழிசல் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். முதல் சில நாட்களில் உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும். அப்போது போய் அழுத்தித் தேய்த்தால் கசிவு அதிகமாகும். போன மாதம்கூட ஒருவர் வந்தார். இரண்டாம் நாளே யாரிடமோ சுளுக்கு எடுத்துக்கொண்டு, கால் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. அப்புறம் கோரிமேட்டு அண்ணா, கணுக்கால் கறுத்தது புதுக் காயம் இல்லை. கசிந்த ரத்தம் கீழே இறங்கித் தேங்குவதுதான். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. அடி எதுவும் படாமல், ஓட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாமல், ஒரு கால் மட்டும் வீங்கி, தொட்டால் சூடாக, வலியோடு இருந்தால் அது ரத்த நாளத்தில் ரத்தம் உறைந்த கட்டியாக இருக்கலாம். நீண்ட பஸ் பயணம், அறுவைச் சிகிச்சை, காலை அசைக்காமல் பல நாள் படுத்திருந்தது, இதற்கெல்லாம் பிறகு வருவது. டாப்ளர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட வேண்டும். மூச்சுத் திணறலும் சேர்ந்தால் நேராக அவசரப் பிரிவு. இதைத் தேய்க்கவே கூடாது.

இனி ஆடுசதை. நாம் ஒரே சதை என்று நினைப்பது இரண்டு தசை. மேலே உருண்டு தெரிகிறதே, அது காஸ்ட்ராக்னீமியஸ். முழங்காலுக்கு மேலே தொடங்கி, குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் தசைநாண் வழியாகக் கீழே போய்ச் சேரும். அதனால் முழங்கால் நீட்டியிருக்கும்போது நன்றாக இழுபடும். அதற்கு அடியில் பலகை மாதிரி ஒன்று, சோலியஸ். அது முழங்காலைத் தாண்டாது. உங்களுக்குக் கிழிந்தது மேலே உள்ளதன் உள்பக்கத் தலை. 'டென்னிஸ் லெக்' என்பார்கள். நாற்பது தாண்டியவர்கள் டக்கென்று உந்தி எழும்போது வருவது. வயதும், முன்பு ஒருமுறை கிழிந்திருப்பதும்தான் இதற்குப் பெரிய காரணங்கள். உங்களிடம் இப்போது இரண்டும் இருக்கிறது.

மேட்டில் ஏறும்போது பாதம் முன்பக்கம் மடிந்து, குதிகால் தாழ்ந்து நிற்கும். நீண்டிருக்கும் சதை அந்த நிலையிலேயே உந்த வேண்டும். அதோடு குதிகால் உயரம் குறைந்த ஷூ, அதற்கு மேல் லாரிக்காக ஒரு திடீர் உந்தல். மூன்றும் ஒரே இடத்தில் கூடிவிட்டன.

இரண்டு வாரத்தில் நடக்கும்போது வலி போனது சரிதான். முதல் நிலைக் கிழிசலிலேயே ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும். இரண்டாம் நிலை என்றால் நான்கு முதல் எட்டு வாரம்கூடப் போகும். ஆனால் வலி போன நாளும் பலம் திரும்பும் நாளும் ஒன்றல்ல. நடப்பதற்குச் சதை போடுகிற வேலை கொஞ்சம்தான். ஓடும்போது சோலியஸ் மட்டுமே உடல் எடையைப்போல் ஆறு மடங்குக்கும் மேல் தாங்குகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நீங்கள் பதினைந்து நாள் சும்மா இருந்தீர்களே தவிர, அந்தச் சதைக்கு எந்த வேலையும் பழக்கவில்லை.

பேஷன்ட் வந்துவிட்டார். மீதி ராத்திரி.

---

கொலுசுப்பட்டறை | திங்கள், மாலை 6.48

அக்கா, அந்த அடியில் இருக்கிற பலகை என்னைத்தான் படுத்தியது. எனக்குக் கல்லும் இல்லை சத்தமும் இல்லை. பட்டறையில் நாள் முழுக்க உட்கார்ந்து பற்றவைக்கிற வேலை. சாயங்காலம் எழுந்து காந்தி ஸ்டேடியம் போய் ஓடினால் ஆடுசதையின் கீழ்ப்பாதியில் கெட்டியாக ஒரு இறுக்கம். முதல் வாரம் ஐந்தாவது கிலோமீட்டரில் வந்தது, அடுத்த வாரம் மூன்றாவதில், அதற்கடுத்த வாரம் ஷூ கயிறு கட்டும்போதே. பிடிப்புதானே என்று ஓடி ஓடியே இரண்டு மாதம் இழுத்துவிட்டேன். சுவரைப் பிடித்து நீட்டினால் ஒன்றும் தெரியாது, முழங்காலை மடக்கிக் குதிகாலைத் தூக்கினால் சுருக்கென்று இருக்கும். பார்த்தவர் அதை வைத்துத்தான் சோலியஸ் என்று கண்டுபிடித்தார்.

என் வாட்ச் அந்த இரண்டு மாதமும் 'பயிற்சி பலன் தருகிறது' என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

---

நிலாப்பாதம் | திங்கள், இரவு 9.55

கொலுசுப்பட்டறை தம்பி சொன்னது பாடப்புத்தகத்தில் போடலாம். சோலியஸ் மெதுவாக வரும், அதனால் மெதுவாகவே ஏமாற்றும்.

கோரிமேட்டு அண்ணாவுக்கு மீதி. வாட்சில் பச்சை வளையம் பார்ப்பதற்குப் பதிலாகச் சில விஷயங்களைக் காலிடமே கேளுங்கள். அரை மணி நேரம் வேகமாக நடந்து வலி இல்லையா? சுவரில் விரல் நுனி மட்டும் வைத்துக்கொண்டு, முழங்காலை நீட்டி, ஒற்றைக்காலில் குதிகாலை முழுசாகத் தூக்கி இறக்குங்கள். முதலில் நல்ல காலில் எத்தனை என்று எண்ணுங்கள், அப்புறம் அடிபட்ட காலில். நல்ல கால் 25 செய்து, மற்றது 11-லேயே பாதி உயரம்தான் எழும்புகிறது என்றால் ஓட்டத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. இதையே முழங்காலை மடக்கியும் செய்ய வேண்டும், அது சோலியஸுக்கு. கடைசியாக, நின்ற இடத்தில் ஒற்றைக்காலில் பத்துத் துள்ளல்.

தினமும் எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது, வாரத்துக்கு ஒரு தடவை போதும். மற்ற நாட்களில் பயிற்சி: முதலில் இரண்டு காலாலும் தரையில், பிறகு ஒற்றைக்காலில், பிறகு படிக்கட்டு விளிம்பில் குதிகாலைக் கீழே தாழ்த்தி, பிறகு முதுகுப் பையில் எடை வைத்து. எங்கள் வீட்டுப் பக்கம் ஒருவர் ஐந்து கிலோ பொன்னி அரிசிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு செய்தார். எடை எடைதான், ஜிம் வேண்டியதில்லை.

வலி வரவே கூடாதா என்று எல்லோரும் கேட்பீர்கள். பத்துக்கு இரண்டு மூன்று அளவில் லேசாகத் தெரிந்து, மறுநாள் காலை படுக்கையிலிருந்து இறங்கி முதல் எட்டு வைக்கும்போது பழையபடி இருந்தால் பரவாயில்லை. அந்த முதல் எட்டு கூடுதலாக வலித்தால் நேற்றுச் செய்தது அதிகம்.

---

வெறுங்கால் வாத்தியார் | செவ்வாய், காலை 5.02

அம்மா, கிழிசலுக்குத் தேய்க்கக் கூடாது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். 1994-ல் ஒரு மாணவனுக்கு நானே தேய்த்துவிட்டு அவன் ஒன்றரை மாதம் நொண்டியது இப்போதுதான் புரிகிறது. அவன் இப்போது பஸ் டிரைவர், கால் நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் வாட்ச் பற்றிச் சொன்னதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

---

மலைக்காப்பி | செவ்வாய், காலை 11.40

மேலேயிருந்து ஒரு குரல். நான் ஏற்காட்டிலேயே இருப்பவள், எஸ்டேட் கணக்கு வேலை. வாட்ச் பற்றி மலைக்காரர்கள் அனுபவம் கொஞ்சம் சொல்கிறேன்.

இங்கே மார்கழிக் காலை ஆறு மணிக்கு ஏரியைச் சுற்றி ஓடினால், முதல் பத்து நிமிடம் என் நாடித்துடிப்பு 172 என்று காட்டும். மூச்சு வாங்கவே இல்லை, 172! ரொம்ப நாள் எனக்கு இதயத்தில்தான் ஏதோ கோளாறு என்று பயந்தேன். ஒரு நாள் நின்று கழுத்தில் கை வைத்து எண்ணினேன், 128.

ஐந்துரோடு தம்பி, இது ஏன்?

---

ஐந்துரோடு மின்னல் | செவ்வாய், பிற்பகல் 1.20

அக்கா, ஒரு நிமிடத்துக்கு எத்தனை எட்டு வைக்கிறீர்கள் என்று அதே பதிவில் பாருங்கள். 172-க்குப் பக்கத்தில் இருக்கும்!

வாட்சுக்குப் பின்னால் பச்சை விளக்கு மினுக்குகிறதே, அது தோலுக்குள் வெளிச்சம் அனுப்பி, எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்க்கிறது. துடிப்பு வரும்போது ரத்தம் அதிகம், ரத்தம் பச்சை ஒளியை விழுங்கும், திரும்புவது குறையும். குளிரில் கைக்கு ரத்த ஓட்டம் குறைந்து அந்த ஏற்ற இறக்கம் மங்கிவிடும். அதே நேரம் கை ஆடுவதால் இன்னொரு தாளம் சீராக வந்துகொண்டே இருக்கும். வாட்ச் குழம்பிப்போய் எட்டின் தாளத்தைத் துடிப்பு என்று பிடித்துக்கொள்கிறது. நெஞ்சுப் பட்டை இதயத்தின் மின் சைகையையே நேராக எடுப்பதால் இந்தக் குழப்பம் அதில் குறைவு.

பட்டை வாங்கும் முன் இலவச வைத்தியம்: மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, நழுவாத அளவுக்கு இறுக்கிக் கட்டுங்கள். கிளம்பும் முன் வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம் உடம்பைச் சூடாக்குங்கள்.

அண்ணா, இதை உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். உங்கள் மீட்பு நேரக் கணக்கு முழுக்க இந்தத் துடிப்பின் மேல் கட்டிய வீடு.

---

மலைக்காப்பி | செவ்வாய், பிற்பகல் 3.05

பார்த்தேன். 171. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை, இதற்காக ஈசிஜி எல்லாம் எடுத்தேன்.

இன்னொன்று. போன வருடம் அடிவாரத்திலிருந்து ஏரி வரை ஐந்து பேர் ஒன்றாக ஏறினோம். ஐந்து வாட்ச், ஐந்து தூரம். உயரக் கணக்கிலும் ஆளுக்கு ஆள் நூறு மீட்டர் வித்தியாசம். ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஏற்றத்தில் நூறு போனால் சும்மாவா? சாப்பிடும்போது ஒரே சண்டை.

---

ஐந்துரோடு மின்னல் | செவ்வாய், இரவு 8.30

இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கிற ரோடு ஜிபிஎஸ்ஸுக்கு மாமியார் வீடு மாதிரி. ஒரு பக்கம் பாறைச் சுவர், மேலே மரக்கூரை. செயற்கைக்கோள் சைகை பாறையில் பட்டுத் திரும்பி வந்தால் வாட்ச் உங்களைப் பத்து மீட்டர் தள்ளிப் பள்ளத்தில் நிற்க வைக்கும். பேட்டரி மிச்சம் பிடிக்கிற முறையில் வைத்திருந்தால் புள்ளிகளை இடைவெளி விட்டு வைக்கும், வளைவின் வயிறு வெட்டுப்பட்டுத் தூரம் குறையும். எல்1, எல்5 என்று இரண்டு அலைவரிசையும் பிடிக்கிற வாட்ச் இங்கே நன்றாக வேலை செய்யும். கோரோஸ் பேஸ் 3, கார்மின் ஃபோர்ரன்னர் 265 இரண்டிலும் அது உண்டு.

உயரத்துக்கு ஜிபிஎஸ்ஸை நம்பவே கூடாது, காற்றழுத்தமானி வேண்டும். ஃபோர்ரன்னர் 55-ல் அது கிடையாது, 165-ல் உண்டு. இருந்தாலும் அதற்கும் ஒரு தொடக்கம் சொல்லித் தர வேண்டும். நான் செய்தது: ரயில்வே ஸ்டேஷன் மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே கடல்மட்ட உயரம் எழுதியிருப்பார்கள் இல்லையா, சேலம் ஜங்ஷன் பிளாட்பாரத்தில் நின்று அதைப் பார்த்து வாட்சைத் திருத்தினேன். டிக்கெட் பரிசோதகர் வந்து என்ன செய்கிறாய் என்று கேட்டார். பிளாட்பார டிக்கெட் பத்து ரூபாய்தான் செலவு. வானிலை மாறினால் அழுத்தமும் மாறும், மேகம் இறங்குகிற நாளில் நின்ற இடத்திலேயே இருபது மீட்டர் ஏறிவிடும், அது வேறு கதை. வியர்வை உப்பு அந்தச் சின்ன ஓட்டையை அடைத்தாலும் தப்பாகத்தான் காட்டும், ஓடிவிட்டு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

---

கோரிமேட்டுக்காரன் | புதன், இரவு 10.12

இத்தனை பேர் இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை.

இன்று எண்ணினேன். வலது 24. இடது 9, அதிலும் கடைசி மூன்று பாதி உயரம்தான். மடக்கிய முழங்காலில் வித்தியாசம் குறைவு, வலது 22, இடது 17. ஒன்பது என்றதும் மனைவி பக்கத்தில் நின்று சிரித்தாள். அவள் முப்பது செய்கிறாள், ஓடியதே இல்லை, ஆனால் தினமும் மூன்று மாடி துணி காயப்போட ஏறுகிறாள்.

அப்படியென்றால் வாட்ச் எனக்கு இப்போது எதற்குமே உதவாதா? கழற்றி வைத்துவிடவா?

---

நிலாப்பாதம் | வியாழன், பிற்பகல் 2.30

கழற்ற வேண்டாம். அதை உங்களுக்கு அனுமதி கொடுக்கிற அதிகாரியாக வைக்காமல், பிடித்து நிறுத்துகிற காவலாளியாக வைத்துக்கொள்ளுங்கள். நான் என் ஆட்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்.

இடது 20-ஐத் தொட்டதும் தொடங்கலாம். சமதளத்தில், ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, எட்டுத் தடவை. இதை வாட்சில் இடைவெளிப் பயிற்சியாகப் பதிந்து வையுங்கள், கையில் அதிர்ந்து சொல்லும். மனசு 'இன்னும் கொஞ்சம்' என்று சொல்கிற நேரத்தில் அது அதிரும். அதுதான் அதன் வேலை. ஒரு நாள் விட்டு ஒரு நாள். வேகத்துக்கும் ஓர் எச்சரிக்கை வைத்துவிடுங்கள், கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 30 விநாடிக்குக் கீழே போனால் கத்த வேண்டும். ஆடுசதைக்குத் தூரத்தைவிட வேகம்தான் எதிரி. வேகம் கூடினால் ஒவ்வொரு எட்டிலும் அது தள்ளுகிற விசை கூடிவிடும்.

அந்த நொடி நேர வேக எண்ணைப் பார்க்காதீர்கள், ஜிபிஎஸ்ஸில் அது ஆடிக்கொண்டே இருக்கும். ஒரு சுற்றின் சராசரி வேகத்தை வையுங்கள்.

நிமிடத்துக்கு வைக்கிற எட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் காயம் வராது என்று ஒரு வீடியோ எல்லோரும் அனுப்புகிறார்கள். சின்னச் சின்ன எட்டு முழங்காலுக்கும் இடுப்புக்கும் பாரத்தைக் குறைக்கும், உண்மை. ஆடுசதைக்கும் அதே பலன் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆசைப்பட்டு முன்பாதத்தில் ஓட ஆரம்பித்தால் நேர் எதிராகப் போகும்.

அந்தப் புது ஷூவை எடுத்து வையுங்கள். பழையதையே போடுங்கள். மலை கடைசியில்.

---

கொலுசுப்பட்டறை | வியாழன், இரவு 9.18

வாட்சின் இன்னொரு உபயோகம் சொல்கிறேன். என் நெஞ்சுப் பட்டையில் இடது வலது பாதம் தரையில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்ற பங்கீடு வரும். சரியாக ஓடிய காலத்தில் 50.1, 49.9 என்று இருந்தது. திரும்ப ஓட ஆரம்பித்தபோது 51.8, 48.2. எனக்கு வலியே இல்லை, நொண்டுகிற உணர்வும் இல்லை, ஆனால் உடம்பு அந்தக் காலைத் தாங்கித் தாங்கி வைக்கிறது. மூன்று வாரத்தில் 50.4-க்கு வந்தது. அந்த நாள் பட்டறையில் எல்லோருக்கும் தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று யாருக்கும் புரியவில்லை.

---

வெறுங்கால் வாத்தியார் | வெள்ளி, காலை 5.15

இதை நான் ஒரு காசு செலவில்லாமல் சொல்வேன். ஓடுகிறவன் காலடிச் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டால் போதும். டப் டப் டப் டப் என்று வந்தால் சரி. டப் டொப் டப் டொப் என்றால் வீட்டுக்கு அனுப்பு.

---

நிலாப்பாதம் | வெள்ளி, பிற்பகல் 2.10

ஐயா சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. கிளினிக்கில் டிரெட்மில்லில் நானும் முதலில் காதைத்தான் வைக்கிறேன்.

---

மலைக்காப்பி | வெள்ளி, மாலை 5.50

மலை கடைசியில் என்றார் அக்கா. அதிலும் ஒரு வரிசை இருக்கிறது. இறக்கத்தில் தொடைக்கு வேலை அதிகம், ஏற்றத்தில் ஆடுசதைக்கு. அதனால் நான் அடிபட்டுத் திரும்பியபோது மேலே ஏரிச் சுற்றில் ஆரம்பித்தேன், பிறகு நாகலூர் ரோட்டில் லேசான மேடு பள்ளம். அடிவாரத்திலிருந்து ஏறுவதற்கு நான்கு மாதம் ஆனது. முதலில் மேடு வந்தால் நடை, சமம் வந்தால் ஓட்டம். வெட்கப்பட ஒன்றும் இல்லை, மலை ஓட்டக்காரர்கள் எல்லோரும் செங்குத்தில் நடக்கத்தான் செய்கிறார்கள்.

---

கோரிமேட்டுக்காரன் | ஏழு வாரம் கழித்து, ஞாயிறு, காலை 9.40

இழையை மேலே கொண்டு வருகிறேன், மன்னிக்கவும்.

புது வாட்ச் வாங்கவில்லை. அந்தப் பணத்தில் பாதி பிசியோவுக்குப் போனது, மீதி பையன் சைக்கிளுக்கு. மூன்றாவது வாரம் இடது 20 வந்தது. ஒரு நிமிட ஓட்டத்தில் தொடங்கினேன். முதல் நாள் வாட்ச் அதிர்ந்ததும் நடையைத் தொடங்கியபோது, மூக்கனேரிக் கரையில் ஒரு பாட்டி 'ஏன் சாமி, அதுக்குள்ள முடியலையா' என்று கேட்டார். முடியவில்லை பாட்டி என்றேன். அது ஒரு நல்ல பதிலாக இருந்தது.

இரண்டு தடவை வாட்ச் என்னைத் திட்டியது. உடல்திறன் எண் 44-லிருந்து 40-க்கு இறங்கிவிட்டதாம், பயிற்சி நிலை 'குறைகிறது' என்று ஆரஞ்சு நிறத்தில். அந்தப் பக்கத்தையே திரையிலிருந்து தூக்கிவிட்டேன். இப்போது மணி, சுற்று வேகம், இடைவெளி நேரம், இந்த மூன்று மட்டும்தான் தெரியும்.

இன்று காலை முதல் முறையாக அடிவாரம். செக்போஸ்ட் தாண்டி மேடு வந்த இடமெல்லாம் நடந்தேன், சமமாகத் தெரிந்த இடங்களில் மட்டும் ஓடினேன். பழைய ஷூ. லாரி வந்தபோது முன்கூட்டியே நின்று வழிவிட்டேன். 60 அடி பாலத்தில் திரும்பிவிட்டேன். கால் அமைதியாக இருக்கிறது, நாளைக் காலை முதல் எட்டு என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு ஆறு மணிக்கு அடிவாரம் செக்போஸ்ட். யாராவது வருகிறீர்களா?

---

வெறுங்கால் வாத்தியார் | ஞாயிறு, காலை 9.58

வருகிறேன் தம்பி. உனக்குப் பின்னால் வந்து சத்தம் கேட்கிறேன்.

---

நிலாப்பாதம் | ஞாயிறு, இரவு 8.45

கடைசியாக எப்போது எண்ணினீர்கள்? எத்தனை?

---

கோரிமேட்டுக்காரன் | ஞாயிறு, இரவு 8.52

நேற்று. வலது 26, இடது 23. மனைவி 34.